பல் அக்காவின் பொருத்தனை

எங்கள் சபையில் அவரை எல்லாரும் பல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேடையில் நின்று அறிவிப்பு வாசிக்கும்போது போதகருக்கே சில நேரம் நாக்கு தவறி அந்தப் பெயர் வந்துவிடும். அக்காவின் பல் ஒன்றும் எடுப்பானதல்ல. பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்துப் பட்டறையில் செயற்கைப் பல் செட் செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே முக்காலி. மருத்துவர் எடுத்தனுப்பும் வாய் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அது கல்லாக இறுகியதும் மேலே மெழுகை வைப்பார். ஸ்பிரிட் விளக்கில் சின்னக் கத்தியைக் காட்டிச் சூடாக்கி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார்.

"எல்லாப் பல்லும் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு பாத்ததும் தெரிஞ்சிடும். ஒண்ணு ரெண்டு கொஞ்சம் கோணலா நிக்கணும்" என்பார். சபைப் பாடகர் குழுவில் நான்கு பேர் அவர் செய்த பல்லால்தான் பாடுகிறார்கள். யார் அந்த நான்கு பேர் என்று இன்றுவரை அவர் வாயைத் திறந்ததில்லை.

ஆனால் அவருக்கு மரியாதை தேடித் தந்தது பல் அல்ல, ஜெபம். பதினெட்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை மாலை பெண்கள் கூட்டத்தை நடத்திவந்தவர் அவர்தான். மகளின் பரீட்சை, கணவனின் கோபம், மாமனாரின் அறுவைசிகிச்சை என்று எதுவானாலும் பெண்கள் அவரிடம்தான் வருவார்கள். அக்கா நீட்டி முழக்க மாட்டார். மாவுத் தூள் படிந்த கையால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வாக்கியம் ஜெபிப்பார். அந்த நான்கு வாக்கியத்துக்காக ஆட்கள் காத்திருப்பார்கள்.

அக்காவும் அவர் கணவரும் கீழ் வீட்டில் இருந்தார்கள். கணவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். அந்த ஓரகத்திதான் சின்னவள். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவள்.

ஒருநாள் சின்னவள் படியில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் மாடியை விட்டு இறங்க முடியவில்லை. படுத்துக் கிடந்த அலுப்பில், காலையில் மூன்று நிமிடம் ஜெபித்து அதைப் போனில் பதிவுசெய்து போட ஆரம்பித்தாள். முதலில் அவளுடைய சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுடைய சொந்தக்காரர்கள். கால் கூடுவதற்குள் மூவாயிரம் பேர். அந்த வருடம் முடிவதற்குள் நாற்பதாயிரம் பேர்.

அக்காவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று பட்டறையில்கூடச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை சபையின் நர்ஸம்மா கூட்டத்துக்கு வரவில்லை. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று மூன்று வருடமாக அக்காவிடம் ஜெபிக்கச் சொல்லிவந்தவர். ஞாயிறன்று பார்த்தபோது அக்காவே கேட்டார், "பையன் விஷயம் என்னாச்சு?"

"சின்னவளுக்கு எழுதிப் போட்டேன்க்கா. நேத்து அவன் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணிடுச்சு. நாப்பதாயிரம் பேர் ஆமென் போட்டாங்க!"

நர்ஸம்மா எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பதாயிரம் அக்காவின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு எல்லாமே உறுத்தியது. காலை ஆறு மணிக்கு மேல்தளத்திலிருந்து "அன்பானவர்களே" என்று குரல் இறங்கும். பாதியில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து "அன்பானவர்களே". அக்கா அடுப்படியில் நின்றபடி எண்ணுவார். நாலு, அஞ்சு, ஆறு. 'ஆண்டவருக்கு முதல் தடவையே காது கேட்காதா?' என்று பொருமுவார். சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெண் ஓடிவந்து, "நீங்க அவங்களுக்கு அக்காதானே?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சிரித்துவிட்டு வீடுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். சின்னவளின் முன்பல் இரண்டும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அது அவளுக்கு அத்தனை அழகு. அந்தக் கோணலைக் கொண்டுவரத்தான் அக்கா வருடக்கணக்கில் மெழுகோடு மல்லுக்கட்டிவந்தார். இவளுக்கு அது சும்மா முளைத்திருந்தது. அதற்கும் வயிறெரிந்தது.

இந்த நிலையில்தான் போதகர் ஒரு ஞாயிறு திரைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கண் விழித்ததும் நாம் முதலில் முகம் பார்ப்பது ஆண்டவரிடமா, போனிடமா என்று கேட்டார். சபை தலையைக் குனிந்துகொண்டது. குனிந்த தலைகளில் சில போனுக்குள்தான் குனிந்திருந்தன. "திரையை விட்டு விலகுவேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து யாராவது பொருத்தனை செய்ய விரும்பினால் எழுந்து வாருங்கள்" என்றார் போதகர்.

முதலில் எழுந்தவர் பல் அக்கா. அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ஆண்டவரப் பாத்து எந்திரிக்கல. கழுத்தத் திருப்பி அவளப் பாத்துட்டுதான் எந்திரிச்சேன்."

அன்றே தன் போனைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு, பேச மட்டும் உதவும் பட்டன் போன் ஒன்றை வாங்கினார். மறுநாள் டிவியும் வீட்டை விட்டுப் போனது. கணவர் வெறும் சுவரைப் பார்த்து நின்றார்.

"பொருத்தனை பண்ணது நீ. என் மேட்ச்ச எதுக்குப் பலி குடுத்த?"

"திரை வீட்டுல இருந்தா கண்ணு அங்கதான் போகும்."

"எனக்குப் போகட்டுமே!"

முதல் இரண்டு வாரம் உண்மையாகவே நன்றாக இருந்தது. அதை அக்கா இப்போதும் மறுப்பதில்லை. காலையில் வேதம் வாசித்தால் வாசித்தது மனதில் நின்றது. கணவரோடு பேச நேரம் கிடைத்தது. பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று இருவரும் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் நமைச்சல் எடுத்தது. நாற்பதாயிரம் இப்போது எவ்வளவாகியிருக்கும்?

பட்டறையில் ஒரு போன் உண்டு. நோயாளியின் மற்றப் பற்கள் என்ன நிறம் என்று மருத்துவர்கள் படமெடுத்து அதற்குத்தான் அனுப்புவார்கள். முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் அது அக்காவின் மேசையில் இருக்கும். பொருத்தனை வீட்டுக்குத்தானே, பட்டறைக்கு இல்லையே என்று தனக்குத்தானே வக்கீலாகிக்கொண்டு ஒருநாள் அதை எடுத்துத் தட்டினார். சின்னவள் வந்தாள். அதே சுவர், அதே ஜன்னல். நாற்பத்தோராயிரத்து இருநூறு. மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும். கையில் ஒட்டியிருந்த ரோஜா நிற மெழுகு திரையில் அப்பிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இதற்கு நடுவில் போதகர் அவரைச் சாட்சி சொல்ல அழைத்தார். அக்கா மைக்கைப் பிடித்து, "திரையை விட்டதிலிருந்து என் உள்ளத்தில் பெரிய சமாதானம்" என்றார். சபை கைதட்டியது. சின்னவளும் தட்டினாள். சில பெண்கள் ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்ததை அக்கா மேடையிலிருந்தே கவனித்தார். சர்க்கரை தின்றது போலிருந்தது.

அந்தத் தித்திப்புப் போதவில்லை. புதன்கிழமை மதியம் சின்னவளின் ஜெபத்துக்குக் கீழே அக்கா எழுதினார்: 'அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன ஆண்டவருக்கு உன் கேமராவால் என்ன பயன்? இது ஜெபமா, வேஷமா?'

மாலைக்குள் முந்நூறு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். 'சரியான கேள்வி', 'இவங்களுக்கெல்லாம் புகழ் போதை' என்று கீழே ஆள் ஆளுக்கு ஏறி மிதித்தார்கள். பல் நிறம் பார்க்கிற சாக்கில் போனை வாங்கி வாங்கி அக்கா ஒவ்வொன்றையும் படித்தார். அன்று மூன்று பல் செட் முடிக்க வேண்டியிருந்தது, ஒன்றுதான் முடிந்தது.

வியாழன் காலை மாடியிலிருந்து குரல் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. முதல்நாள் அக்காவுக்கு அந்த அமைதி இனித்தது. இரண்டாம் நாள் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் போனோடு இறங்கி வந்து எதிரில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு காட்டணும்."

"நான் பொருத்தனையில இருக்கேன். அத என்கிட்ட நீட்டாத."

"நீங்க பாக்க வேணாம். நான் படிக்கிறேன்." படித்தாள். ஒரு சொல் விடாமல் படித்தாள். "யாரு எழுதினதுன்னு கேளுங்க."

"யாரு?"

"ஏதோ ஒரு பட்டறை பேரு. படத்துல ஒரு பல் செட்டு இளிச்சிக்கிட்டு இருக்கு."

அக்காவின் கத்தி அப்படியே நின்றது. பட்டறைப் போனில் எழுதினால் பட்டறையின் பெயர்தான் விழும் என்பது அவர் புத்திக்கு எட்டவேயில்லை.

"உங்க பட்டறைப் பல்லு என்னைக் கடிச்சிடுச்சுக்கா" என்றாள் சின்னவள். அவள் சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நான் எழுதினது வேதத்துல இருக்கறதுதானே?"

"இருக்கு. நீங்க அதுக்காகவா எழுதினீங்க?"

முற்றத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த கணவரின் சுத்தியல் சத்தமும் நின்றுவிட்டது. அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"இல்ல. வயிறு எரிஞ்சுச்சு." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "நர்ஸம்மா உன்கிட்ட போயிட்டா. சந்தையில என்னை உன் அக்கான்னுதான் தெரியுது. பதினெட்டு வருஷம் நான் கையப் பிடிச்சேன், நீ மூணு நிமிஷத்துல நாப்பதாயிரம் பேரப் பிடிச்சிட்ட. உன் குரலு, உன் முன்பல்லு…"

"பல்லா?" சின்னவளின் கை தன்னையறியாமல் வாயை மூடியது.

"ஆமா. அதுவும்தான்."

சின்னவள் போனை அணைத்தாள். "ஊர்ல யாரு திட்டினாலும் தாங்கிடுவேன்க்கா. கீழ் வீட்டுலேருந்து வரும்னு நினைக்கல. மன்னிக்கணும்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு முடியல" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

கணவர் கிரீஸ் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "பொருத்தனைய மீறினத விடு, மனுஷன்னா தவறத்தான் செய்வான். மீறிட்டு மேடையேறிச் சமாதானம்னு சொன்னியே, அதத்தான் என்னால முழுங்க முடியல" என்றார்.

மறுநாள் சாட்சி நேரத்தில் அக்கா கூப்பிடாமலே எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

"போன ஞாயிறு இதே இடத்துல நின்னு நான் பொய் சொன்னேன். எனக்குள்ள சமாதானம் இல்ல, பொறாமைதான் இருந்துச்சு. என் ஓரகத்தியக் குத்துறதுக்குத்தான் போன விட்டேன். விட்டுட்டுத் திருட்டுத்தனமா அவளத்தான் தினமும் பாத்தேன். அவ ஜெபத்துக்குக் கீழ அசிங்கமா எழுதினதும் நான்தான். ஆண்டவர் என்னை மன்னிக்கணும். அவளும் மன்னிக்கணும். அவசரமில்ல."

கைதட்டல் இல்லை. யாரோ இருமினார்கள். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். வெளியே வரும்போது, "இதையெல்லாம் மைக்குல சொல்லணுமா?" என்று யாரோ யாரிடமோ கேட்டது அக்கா காதில் நன்றாக விழுந்தது. திங்கட்கிழமை முதலாளியிடமும் சொல்லி, எழுதியதை அழித்தார். முதலாளி வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, அன்றுமுதல் சாப்பிடப் போகும்போது போனைச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நான்கு. சின்னவளின் குரல் மறுபடி மாடியில் கேட்க ஆரம்பித்தது. ஆனால் அவள் அக்காவின் அடுப்படிப் பக்கம் வராமல் பின்படி வழியாக இறங்கிப் போனாள்.

நான்காவது வாரம் சின்னவள் வெறுங்கையோடு அடுப்படிக்கு வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலக்கா. மன்னிச்சிட்டேனான்னு பாக்க வந்தேன்."

"மன்னிச்சிட்டியா?"

"முக்கால்வாசி." பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீங்க எழுதினதுல பாதி நிஜம். அதான் அவ்வளவு வலிச்சுது. ஒரே ஜெபத்த ஒன்பது தடவ எடுக்கிறேன். எட்டாவது தடவையில நான் ஆண்டவர்கிட்ட பேசறேனா, என் மூஞ்சிகிட்ட பேசறேனான்னு எனக்கே தெரியல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வாக்கியம் ஜெபித்தார். மறுநாள் காலை மாடிக்குரல் நடுவில் ஒரு சொல்லில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் அப்படியே தொடர்ந்தது.

அந்த மாதக் கடைசியில் நர்ஸம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அக்கா, நீங்க மைக்குல சொன்னீங்களே, அந்த வியாதி எனக்கும் இருக்கு. என் தங்கச்சி புது வீட்டப் படம் படமா எடுத்துப் போடறா. பாக்காம இருக்க முடியல, பாத்தா சோறு இறங்கல." அக்கா கையிலிருந்த மாவுத் தூளை உதறிவிட்டு எழுந்து வந்தார். நர்ஸம்மாவுக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் எழுதிப்போட முடியாத விண்ணப்பம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நாற்காலிகள் மெல்ல நிரம்பின. பட்டன் போனை அவர் மாற்றவில்லை. ஏன் என்று யாரிடமும் விளக்கவுமில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்பார். போன வாரம் சின்னவளைப் பார்ப்பவர்கள் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று கொழுந்தன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனான். அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது. அடுப்பை அணைத்துவிட்டு நேராக மாடியேறிப் போய் அவளிடமே சொன்னார்.

"மறுபடியும் எரியுதுடி."

சின்னவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள். அன்று ஜெபம் செய்தது அவள்தான்.