சிரித்துக்கொண்டு வரும் தந்திக்காரர்

பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்குப் பாவு நீட்டியிருக்கும் தெருவின் முனையிலேயே தந்திக்காரர் முனுசாமி சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறார். காக்கித் தொப்பியைக் கழற்றிக் கேரியரில் செருகுகிறார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி எதையாவது பேசத் தொடங்குகிறார். இன்று கத்தரிக்காய்.

"கத்திரிக்கா வாங்கப் போனா காதுல கீற கம்மல கேக்கறான்மா!"

"இன்னாண்ணே, காலங்காத்தால தொண்டய கிழிச்சிக்கினு வர்றே? வூட்ல சோறு போடலியா?" ராட்டைக்குப் பின்னாலிருந்து காந்தா என்ற பெண் கேட்கிறாள்.

"போட்டாங்கமா. அந்தச் சோத்த மறக்கத்தான் கத்திக்கினு வரேன்."

தெரு சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள் நுழைந்துதான் அவர் தந்தியை நீட்டுகிறார். "சிரிச்சிக்கினு வர்றவன் சாவு சேதி கொண்டாருவானா? அத்த அவங்க மனசுல ஏத்திட்டா போதும்பா" என்பார் என்னிடம்.

உண்மையிலேயே சாவுச் செய்தி என்றால் அவர் வாசலுக்கே போவதில்லை. அந்த வீட்டு ஆண்பிள்ளையை டீக்கடையிலோ நெசவாளர் சங்கத்திலோ தேடிப் பிடித்து, தோளில் கைபோட்டு உட்கார வைத்த பிறகே உறையை எடுக்கிறார்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. கூரம் கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறார். டீயை ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இங்கிலீஷில் பதினொரு வார்த்தைகள் தெரியும். தந்தி ஆபீஸ் கிளார்க் திருஞானசம்பந்தத்தை நச்சரித்துக் கற்றவை. "எக்ஸ்பயர்டுன்னா சாவு. சீரியஸ்னா பாதி சாவு. அரைவிங்னா ரெண்டு படி அரிசி சேத்து வடிக்கணும்." உறை ஒட்டுவதற்கு முன்னால், சாவா நல்ல சேதியா என்று கிளார்க் கண்ணாலேயே காட்டிவிடுவார். சட்டப்படி அது குற்றம் என்பது இருவருக்கும் தெரியும்.

எந்தெந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். வளையல்கார ரஷீத் பாய் வளைகாப்புக்கு வளையல் அடுக்கிவிட்டு வரும் வீடுகளை எல்லாம் இவரிடம் சொல்லிவிடுகிறார். அந்த வீடுகளில் மட்டும் குரல் இன்னும் ஒரு பங்கு உயரும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை நான்தான் எழுத வேண்டும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் என் தங்கை கமலவேணிக்கு வளைகாப்பு. நான் பினாங்கில் ஒரு தோட்டக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஓர் ஏர்மெயில் காகிதம் போதும். ஆனால் வளைகாப்பன்றே சீமையிலிருந்து தந்தி வந்தது என்று தெரு பேச வேண்டுமென்று ஆசைப்பட்டேன். இங்கிலீஷில் அழகாக நாலு வார்த்தை வாழ்த்து எழுதி அனுப்பினேன்.

அன்று முனுசாமி மணியடித்துக்கொண்டு போய், தந்தியை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் தந்தியென்றால் ஒரே பொருள்தான். அதைப் பிரிக்கும் முன்பே கமலவேணியின் மாமியார் பொன்னியம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். வந்திருந்த பெண்கள் தலைப்பூவைப் பிய்த்துப் போட்டு ஒப்பாரி தொடங்கினார்கள். செத்தது நான் என்று முடிவாகிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த வாத்தியாரைத் தேடிப்பிடித்து அழைத்துவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் படித்துச் சொன்ன பிறகு எல்லோரும் சிரித்தார்களாம். கமலவேணி சிரிக்கவில்லை. மாலையில் வலி கண்டது. ஏழாம் மாதத்தில் பிறந்த அந்த ஆண் குழந்தை இரண்டு நாள் இருந்தது.

"ஒரு பயத்தினால மட்டுமே ஆச்சுன்னு சொல்ல முடியாது" என்றாராம் லேடி டாக்டர். பொழுதுக்கும் ராட்டையில் நூலைத் தார் சுற்றும் வேலை, சரியான தூக்கமில்லை, வீட்டில் ஓயாத சண்டை. ஏற்கெனவே களைத்துப்போன உடம்பு, அதன்மேல் இந்த அதிர்ச்சி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மனசுக்கும் ஓய்வு வேண்டும் என்று அவர் சொன்னதை முனுசாமி சர்க்கார் உத்தரவு மாதிரி இருபது தெருவுக்கும் சொல்லி வருகிறார்.

இப்போது கமலவேணிக்கு மறுபடியும் எட்டாம் மாதம். ராட்டையைத் தொடவிடுவதில்லை. மத்தியானம் தூங்கச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை தர்மன் மாலையில் தறியை விட்டு எழுந்து வந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொன்னியம்மாள்கூடக் குரலை உயர்த்துவதில்லை. லீவில் வந்திருக்கும் நான்தான், வலிக்கிறதா, கால் வீங்குகிறதா என்று மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி, நீ கேக்கற கேள்வியிலியே அந்தப் பொண்ணுக்கு வலி எடுத்துடும். மூஞ்ச கொஞ்சம் நேரா வெச்சிக்கயேன்" என்றார் முனுசாமி.

நேற்று டீக்கடையில் என்னைப் பிடித்தார். எனக்காக இரண்டு மணி நேரம் அங்கேயே காத்திருந்தாராம். தாமதத்துக்கு ஆபீசில் மெமோ கொடுப்பார்கள். உட்கார வைத்து உறையைக் கொடுத்தார். என் கம்பெனிக்காரன் லீவை ரத்து செய்திருந்தான். அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும். பிரசவம் வரை இருப்பேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தேன்.

"இன்னிக்கு சொல்லாத. நாளைக்கு சாப்ட்டுத் தூங்கி எழுந்தப்புறம், உன் மச்சான் பக்கத்துல கீறப்ப சொல்லு. தந்தி வந்துச்சின்னு மட்டும் சொல்லிடாதே."

அப்போதுதான் சொன்னேன். "அண்ணே, அந்த வாழ்த்துத் தந்தி அனுப்பினது நான்."

"தெரியும்பா. அடியில உன் பேரு இருந்துச்சின்னு வாத்தியார் படிச்சாராமே." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "வாழ்த்துனவன் நீ. உன்மேல இன்னா தப்பு கீது? நல்ல சேதிதான்மான்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாத போயிட்டவன் நானு."

தெரு பேச வேண்டுமென்ற என் ஆசையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்தே தெருவுக்குள் வந்தோம். அவர் அன்று எதுவும் கத்தவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. நாலு வருஷமாக அவர் குரல் கேட்டாலே உள்ளே போய்விடும் கமலவேணி, குரல் கேட்காததால் வாசலிலேயே நின்றிருந்தாள். எங்களைச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு கை கதவைப் பிடித்தது. மற்றொன்று வயிற்றுக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை.

என் கை தானாக, தந்தி உறை இருந்த சட்டைப்பையை மூடிக்கொண்டது. முனுசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தன் காக்கிச் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை தெரிய அவள் முன்னால் நீட்டினார். அவள் மூச்சு இறங்கி, வாசற்படியில் மெல்ல உட்காரும்வரை அந்தக் கைகளை அவர் மடக்கவில்லை.