யென்ஸைப் பெற்றவள்

எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு யென்சன் மேல்தான் விழும். டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா வந்த எங்கள் முன்னோர்கள் நிலம் தேடிக்கொண்டார்கள், மாடு தேடிக்கொண்டார்கள், புதுப் பெயர் தேடிக்கொள்ளத்தான் அவர்களுக்கு நேரமில்லை. ஒரே ஊரில் ஏழு பீட்டர் யென்சன் இருந்ததால் கழுதை பீட்டர், வாத்து பீட்டர், பொய்ப்பல் பீட்டர் என்று பட்டப்பெயர் வைத்துச் சமாளித்தார்கள். பட்டப்பெயரைக் கல்லறையில் யாரும் பொறிக்கவில்லை. அதனால் இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து இணையத்தில் வளர்க்கும் வம்ச மரத்தில், கழுதை பீட்டரின் பிள்ளைகள் வாத்து பீட்டர் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மரத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருப்பதாகத் தோன்றினால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராதவர்கள் செய்கிற வேலை அது. அவர்கள் இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் தோரா மிக்கெல்சன் வந்து பிரிப்பாள்.

சபைக் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிற வம்ச வரலாற்று அறையில் அவளும் நானும் பதினோரு வருடமாக உதவியாளர்கள். நான் பிரிண்டருக்குத் தாள் வைப்பேன், வருகிறவர்களுக்குக் கடவுச்சொல்லை ஞாபகப்படுத்துவேன். நிஜ வேலை தோராவுடையது. இருபத்தாறு வருடம் வான்கோழி இறைச்சி ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, கணுக்கால் வீங்கி ஓய்வு பெற்றவள். அதன் பிறகு தானாகவே உட்கார்ந்து பழைய டேனிஷ் கையெழுத்தைப் படிக்கக் கற்றாள். எனக்கு எறும்பு மையில் விழுந்து ஊர்ந்ததுபோல் தெரியும் பக்கத்தை, அவள் பால் கணக்குச் சீட்டு மாதிரி படிப்பாள்.

அவளிடம் யாரும் கதை விட முடியாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர், தன் முப்பாட்டனார் அரச வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். தோரா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பிரதர், உங்க முப்பாட்டி செத்து நாலு வருஷம் கழிச்சு ரெண்டு புள்ள பெத்திருக்காங்க. மொதல்ல அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, ராஜாவ அப்புறம் பாக்கலாம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவள் சிரிக்கமாட்டாள். எங்கள் சபையில் இறந்தவர்களையும் அவரவர் குடும்பத்தோடு கோயிலில் ஒரு சடங்கு செய்து பிணைத்து வைப்போம். அது என்றென்றைக்குமான பிணைப்பு என்பது எங்கள் நம்பிக்கை. தப்பான தாயோடு ஒரு பிள்ளையைப் பிணைத்தால் பெற்றவள் மறுமையில் வெறுங்கையோடு நிற்பாள் என்று தோரா சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு என்று பிறந்த பிள்ளை கிடையாது. அவள் மணந்துகொண்ட கிளேடு மிக்கெல்சனுக்கு ஏற்கெனவே மூன்று வயதில் ஒரு பெண் இருந்தது, ஜனீல். பெற்றவள் ரேலீன் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு நெவாடாப் பக்கம் போனவள், திரும்பவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான், யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. ஜனீல் முதல் வாரத்திலிருந்தே தோராவை அம்மா என்று கூப்பிட்டாள். கிளேடு போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஜனீலுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தோரா வீட்டில்தான்.

மிக்கெல்சன் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1862-இல் அவர்களின் மூதாதை லார்ஸும் அவன் மனைவி கிர்ஸ்டீனும் டென்மார்க்கிலிருந்து கிளம்பி வந்தார்கள். வண்டியில் இடமில்லாததால் மூன்று வயது மகன் யென்ஸை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயிரம் மைல் நடந்தாள் கிர்ஸ்டீன். ஒவ்வொரு ஜூலையும் குடும்பம் பூங்காவில் கூடும்போது, ஜனீல் நீளப் பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு யாராவது ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கியபடி புல்வெளியில் நடந்து காட்டுவாள். பார்க்கிற கிழவிகள் உருளைக்கிழங்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன், மிக்கெல்சன் குடும்பத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

போன வருடம் மே மாதம் தோரா அந்தக் கதையில் கை வைத்தாள். கிர்ஸ்டீன் பிறந்த வருடம் கல்லறையில் 1846 என்று இருந்தது, வம்ச மரத்தில் 1835 என்று இருந்தது. கல்லறையை நம்பினால் அவள் பதின்மூன்று வயதில் யென்ஸைப் பெற்றிருக்க வேண்டும். தோராவுக்கு அது போதும். மூன்று வாரம் டேனிஷ் பதிவேடுகளைத் தோண்டினாள். அது ஒருத்தி இல்லை, இரண்டு பேர். 1835-இல் பிறந்தவள் யோஹன்னா, லார்ஸின் முதல் மனைவி. இருவர் தகப்பன் பெயரும் பேடர், ஊரும் ஒன்றே. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான். ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பட்டியலில் பாதிரியார் எழுதியிருந்தார்: லார்ஸ், மகன் யென்ஸ். மனைவி வர மறுத்து இங்கேயே இருக்கிறாள்.

அதே கூட்டத்தில் வந்த பதினாறு வயதுப் பெண்தான் கிர்ஸ்டீன். பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்ததும் உண்மை, ஊர் வந்து சேர்ந்த பிறகு லார்ஸை மணந்து அந்தப் பிள்ளையை வளர்த்ததும் உண்மை. பெற்றவள் மட்டும் வேறு.

தோரா இருவரையும் பிரித்தாள். பெற்றவள் யோஹன்னா, மாற்றாந்தாய் கிர்ஸ்டீன் என்று பதிந்தாள். மாற்றம் செய்தால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் பதிவேடு எண், பக்க எண் எல்லாவற்றையும் எழுதினாள்.

மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி இருந்தது. மாற்றியவர் பெயர்: ஜனீல். காரணம்: "எங்க குடும்பக் கதை எங்களுக்குத் தெரியும்."

தோரா மறுபடி பிரித்தாள். ஜனீல் மறுபடி சேர்த்தாள். ஆறு தடவை இப்படி நடந்தது. இதற்கு நடுவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பன்றித் தொடையும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டார்கள். உப்பு போதுமா என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லையாம். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது.

"எதுக்குடி இந்த வம்பு? செத்துப் போனவங்களுக்காக உயிரோட இருக்கிறவகிட்ட மல்லுக்கட்டுற" என்றேன்.

"ஆர்டிஸ், உனக்குத் தாள் வைக்கத்தான் தெரியும். தாள வை" என்றாள் தோரா.

ஏழாவது தடவை பிரித்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஜனீல் அறைக்கே வந்துவிட்டாள். கதவை அவள் சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த நாட்காட்டி ஆடியது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

"உக்காருங்க சிஸ்டர் ஆர்டிஸ். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்று ஜனீல் சொன்னாள். பிறகு தோராவிடம் திரும்பினாள். "ஏம்மா, அடுத்த மாசம் நூத்திநாப்பது பேர் வர்றாங்க. நான் அந்தப் பாவாடையக் கட்டிக்கிட்டு வந்து என்ன சொல்லணும்? இவ சும்மா தூக்கிட்டு வந்தவ, நம்மளுக்கு ஒரு ஒறவும் இல்லன்னா?"

"தூக்கிட்டு வந்தவன்னு சொல்லு. அதுல என்ன பொய் இருக்கு?"

"மாற்றாந்தாய்னு போட்டிருக்க! வளத்து ஆளாக்கினவள. அப்ப நீ யாரும்மா எனக்கு? உன்னையும் அப்படித்தான் எழுதணுமா?"

தோரா திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். 1889, ஏழைகள் விடுதி, ஒரு மரணப் பதிவு. விரலை வரி வரியாக நகர்த்தி மெதுவாகப் படித்துச் சொன்னாள். யோஹன்னா, வயது ஐம்பத்துநாலு. சொத்து: ஒரு போர்வை, ஒரு ஜெபப் புத்தகம். வாரிசு: ஒரு மகன், யென்ஸ், அமெரிக்காவில், முகவரி தெரியாது.

"இருபத்தேழு வருஷம் ஜனீல். சாகுற வரைக்கும் எனக்கு ஒரு பையன் இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. இல்லன்னா எழுதுறவனுக்கு எப்படித் தெரியும்? அவள நான் எப்படி அழிக்கிறது?"

ஜனீல் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். ஆனால் அவள் கிளேடின் மகள், பிடித்த பிடியை விடமாட்டாள்.

"சொல்லிக்கிட்டு இருந்தா போதுமா? தேடி வந்தாளா? ஒரு லெட்டர் போட்டாளா? விட்டுட்டுப் போறதுக்கு ஒரு நிமிஷம் போதும்மா, எனக்குத் தெரியும். என்னப் பெத்தவ இத்தன வருஷத்துல ஒரு பொறந்தநாள் கார்டாவது போட்டாளா?"

தோரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"போட்டா" என்றாள்.

பிரிண்டர் மட்டும் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. நான் கை நீட்டி அதை அணைத்தேன்.

"என்னம்மா சொல்ற?"

"மூணு. உன்னோட நாலாவது பொறந்தநாளைக்கு, அஞ்சாவதுக்கு, ஆறாவதுக்கு. தபால் ஆபீஸுக்குப் போறது நான்தான். அப்பாவுக்குத் தெரியாது. கவர்ல இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். என் கையாலதான் எழுதினேன். அதுக்கப்புறம் வரல."

ஜனீல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு பிரசவத்துக்கும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் யார் வீட்டுக்கு ஓடினாளோ அந்த வீட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் தோராவைப் பார்த்தாள். எனக்குத் தோராவை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ஏன்?" என்று ஜனீல் கேட்டாள்.

"நீ என்ன அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆயிருந்துச்சு. அவ கார்டுலயும் அம்மான்னுதான் கையெழுத்து போட்டிருப்பான்னு நெனச்சேன். கவரப் பிரிக்கக்கூட இல்ல. பயம். வேற ஒண்ணும் இல்ல."

ஜனீல், "செத்திருப்பா" என்றாள்.

தோரா மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். தேடும் கட்டத்தில் ரேலீன் என்று அடித்தாள். கன்னிப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என எதையும் யோசிக்காமல் அடித்தாள். பொருந்தும் பதிவு எதுவும் இல்லை என்று வந்தது.

"உசுரோட இருக்கிறவங்க இதுல மத்தவங்க கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. செத்தவங்கதான் தெரிவாங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் வந்த ஒடனே மொதல்ல இதத்தான் தேடுறேன், பதினோரு வருஷமா. நேத்தும் தேடினேன். இன்னும் வரல."

பதினோரு வருடம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் அடிப்பது என்ன பெயர் என்று ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

ஜனீல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எந்த ஊருன்னு சொல்லுங்க, தோரா" என்றாள்.

தோரா சொன்னாள். ஊர், தெரு, வீட்டு எண், அந்தக் கவர்களில் இருந்த நாற்பது வருடத்துக்கு முந்தைய முகவரி, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். ஜனீல் அதைக் கையிலிருந்த குடும்பக் கூட்ட அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அன்றைக்கு அறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டோம். தோராவை அவள் வீடுவரை கூட்டிக்கொண்டு போனேன். அவள் அழவில்லை. வாசல் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஆர்டிஸ். கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.