விட்டுப்போகாத புள்ளி

தொண்ணூறுகளில் ஒரு பொங்கல். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் நடந்த கோலப்போட்டிக்கு நான் நடுவர். பனி ஈரம் காயாத தெருவில், புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடிய, செல்வி என்ற பெண்ணின் கோலம் என்னை நிறுத்திவிட்டது. முதல் பரிசு என்று எழுதியும்விட்டேன்.

விழா நடத்தியவர் காதைக் கடித்தார். "புருஷன் இல்லாதவங்க சார். நல்ல நாளும் அதுவுமா மேடை ஏத்துனா ஊர்ல பேசுவாங்க."

பெயரை அடித்தேன். வேறு பெயர் எழுதினேன்.

பரிசளிப்பு முடிந்ததும் செல்வி வந்தார். "எங்க சார் தப்பு? சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

"ஒரு புள்ளி விட்டுப்போச்சும்மா."

நம்பிவிட்டார். நான் ஆட்டோவில் ஏறும்போது, கோலத்தருகே குந்தி, முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு புள்ளியும் விட்டுப்போகவில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுகிறேன்; அந்தத் தெரு வந்தால் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.