வைக்கல் மாட்டுக்கு நிக்காத கார்

இது நடந்தது போன வருசம் மாசி மாசம், பெரும்போக நெல்லு வெட்டி முடிஞ்ச கையோட, எங்கட உடையார்கட்டில. நான் ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். எழுதிப் பழக்கமில்லை. கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன், பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ.

அதுக்கு முதல் வருசம் என்ர அண்ணா செத்துப்போனார். எனக்கிருந்தது ஒரே ஒரு அண்ணா. அப்பா நான் சின்னனா இருக்கேக்கையே இல்லை. அண்ணா ஒரு ஜப்பான் காரை லீசிங்கில எடுத்து ஹயர் ஓடினவர். ஒருநாள் இருட்டுப்படுற மைம்மல் நேரம் பரந்தன் றோட்டால வீட்ட வந்துகொண்டிருக்கேக்க ஒரு கட்டாக்காலி மாடு குறுக்க வந்திட்டுது. கறுத்த மாடு. அதில அடிபட்டு, கார் மதகுக்க போய் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே எல்லாம் முடிஞ்சுது.

அந்தக் காரில ஒரு சாமான் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேல சின்னக் கமரா. முன்னுக்கு ஆளோ வாகனமோ கிட்ட வந்தா பீக் பீக் எண்டு கத்தும். சிலநேரம் தானே பிரேக் பிடிக்கும். எங்கட றோட்டில கேக்கவே வேணும்? சைக்கிள், ஓட்டோ, உழவு மெசின், பள்ளிக்கூடப் பிள்ளையள், எல்லாத்துக்கும் கத்தும். அதோட ஜப்பான் பாசையில ஒரு பொம்பிளை வேற ஏதோ சொல்லுவா. "கலியாணம் கட்டாமலே மனுசியிட்டப் பேச்சு வாங்குறன்" எண்டு அண்ணா பகிடி விடுவார். ஏத்தின ஆக்களும் இதென்ன கரைச்சல் எண்டு கேக்க, தன்ர கூட்டாளியிட்டச் சொல்லி அந்தக் கமராவின்ர வயரைக் கழட்டுவிச்சார்.

கூட்டாளியை நான் கராச் அண்ணா எண்டுதான் கூப்பிடுறனான். ஊர் ஸ்கந்தபுரம், கிளிநொச்சியில கார் திருத்துற கராச் ஒண்டு வைச்சிருந்தவர். எங்கட வீட்டில சாப்பிட்டு, எங்கட விறாந்தையிலேயே படுத்தெழும்பின ஆள்.

செத்தவீட்டில ஆரோ ஒராள் வாய் வைச்சிட்டார், "அந்தக் கமரா வேலை செய்திருந்தா கார் தானே நிண்டிருக்கும்" எண்டு. அவ்வளவுதான். பந்தலுக்க ஆக்கள் இருக்கக் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்ட கராச் அண்ணாவை அம்மா எல்லாருக்கும் முன்னால பிடிச்சு உலுக்கினா. "நீதான்ரா என்ர பிள்ளையைச் சாக்காட்டினனீ! இனி இந்தப் படலை வாசலை மிதிக்காதை!" எண்டா.  பாடை தூக்கவும் விடேல்லை அவரை. றோட்டில தனிய பாத்துக்கொண்டு நிண்டார்.

நானும் தடுக்கேல்லை. உண்மையைச் சொன்னா, எனக்கும் அது ஒரு பிடிமானம் மாதிரித்தான் இருந்தது. மாட்டோட கோவிக்கேலாது. கடவுளோட கோவிச்சும் ஒண்டும் ஆகாது. கராச் அண்ணாவோட கோவிக்கலாம். பேந்து கேள்விப்பட்டம், அவர் கராச்சைப் பூட்டிப்போட்டு வீட்டில சும்மா இருக்கிறார், ஒரு ஸ்பானர் சாவியைக் கூடக் கையால தொடுறதில்லை எண்டு.

இப்பிடி இருக்கேக்கதான் மாசியில பக்கத்து வீட்டு மாமாவின்ர மருமகள், அவற்ற தங்கச்சியின்ர மகள், ஜேர்மனியில இருந்து வந்தவா. மாமாவின்ர மகளுக்குக் கலியாணம். மாமாவும் புதுசா ஒரு கார் எடுத்திருந்தார். அண்ணாவின்ர அதே கார், நிறம் மட்டும் வேற. ஒருநாள் விடிய நான் முத்தம் கூட்டிக்கொண்டு நிக்க, வேலிக்கு அங்கால பீக் பீக் எண்டு கேட்டுது.  விளக்குமாறோட அப்பிடியே நிலத்தில இருந்திட்டன்.

அந்த அக்கா வேலியால எட்டிப் பாத்தா. "என்ன தங்கச்சி, சுகமில்லையோ?"

என்னெண்டு தெரியேல்லை, முன்பின் தெரியாத அவாவிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அழுதழுதுதான் சொன்னன். கடைசியில கேட்டன், "அந்தக் கமரா வேலை செய்திருந்தா என்ர அண்ணா இப்ப இருப்பாரோ அக்கா?"

 அவா வேலியைச் சுத்தி வந்து, எனக்குப் பக்கத்தில மண்ணிலேயே இருந்தா. "நான் வேலை செய்யிறதே உப்பிடிக் காருகளைச் சோதிக்கிறதிலதான்" எண்டா.

அங்க புதுசா ஒரு கார் செய்தா உடன விக்கேலாதாம். முதல் அக்கா ஆக்களிட்டக் கொண்டு வரோணுமாம். இவை சோதிச்சு, சரி எண்டு கையெழுத்து வைச்சாத்தான் றோட்டுக்கு இறக்கலாமாம். ஒரு நாட்டில சரி எண்டா ஐரோப்பாவில மற்ற நாடுகளுக்கும் சரியாம். "அதால விளையாட்டா ஓம் எண்டு சொல்லேலாது. இப்ப தானே பிரேக் பிடிக்கிறது, கையை விட்டாலும் தானே ஓடுறது எண்டு புதுசு புதுசா கொண்டு வருகினம். எல்லாத்துக்கும் பொம்மை வைச்சுப் பாப்பம். பெரியாள் பொம்மை, சின்னப்பிள்ளைப் பொம்மை, சைக்கிள் ஓடுற பொம்மை. அதுகளைக் காருக்குக் குறுக்க விடுவம். கார் நிக்கோணும்."

"நிக்காட்டி?"

"திருப்பிக் கொண்டு போங்கோ எண்டிடுவம்."

"மாட்டுப் பொம்மையும் இருக்கோ?"

அவா சிரிக்கப் போனவா, என்ர முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டிட்டா. "இல்லையம்மா. எங்கட சட்டத்தில மாடு இல்லை."

"அப்ப நிண்டிருக்காதோ?"

"அதை நான் வாயால சொல்ல மாட்டன். சோதிக்காமச் சொல்லுறது எங்கட வேலையில பெரிய பிழை. பாத்திட்டுச் சொல்லட்டே?"

கலியாணத்துக்கு வந்த இடம். நாலு இடம் போய்ப் பாத்திட்டுத் திரும்பிப் போயிருக்கலாம் அவா. எனக்கு ஆறுதலா ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டும் போயிருக்கலாம். அதைச் செய்யேல்லை.

குளக்கட்டுக்குப் பக்கத்தில வயலுக்குப் போற நேர் றோட்டு ஒண்டு இருக்கு. வெட்டு முடிஞ்சதால அதால ஆரும் வாறதில்லை. அண்ணா அடிபட்ட அதே மைம்மல் வெளிச்சத்திலதான் பாக்கோணும் எண்டு அவா பிடிவாதமா நிண்டா. உரச்சாக்குக்க வைக்கல் அடைஞ்சு, கறுத்தத் தறப்பாளால மூடி, நாலு தடி நட்டு மாடு செய்தம். மாமா வேர்த்து விறுவிறுத்து நிண்டார்.

"எடி பிள்ளை, என்ர புதுக்காரைக் கொண்டு போய் மாட்டில இடிக்கப் போறியே?"

"வைக்கல் மாடுதானே மாமா."

"வைக்கலோ என்னவோ, கலியாணத்துக்கு மாப்பிள்ளையை உதிலதான் ஏத்திறது. நெளிஞ்ச காரிலயோ வாறது அவன்?"

அப்பிடிச் சொல்லிக்கொண்டே தென்னோலை மட்டையில ரெண்டு கொம்பு வெட்டிக் கொண்டு வந்து தானே செருகினார்.

மாட்டுக்கு முதல் ஒரு ஆள் பொம்மையை வைச்சுப் பாக்கோணும் எண்டா அக்கா. கமரா ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு தெரியோணுமாம். பொம்மைக்குப் போட ஆம்பிளைச் சேட்டொண்டும் காற்சட்டையொண்டும் தாங்கோ எண்டு மாமாவைக் கேட்டா. மாமா பின்னுக்குப் போயிட்டார். "என்ர சேட்டைப் போட்டு என்னையே இடிக்கிறதோ? வேண்டாம் பிள்ளை, அது சரியில்லை" எண்டார். அதுவும் நியாயந்தான். உயிரோட இருக்கிற ஆற்ற உடுப்பையும் அப்பிடிக் காருக்கு முன்னால விடேலாது. நான் வீட்ட ஓடிப்போய் அலுமாரிக்க இருந்த அண்ணாவின்ர நீலச் சேட்டையும் ஒரு காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தன். அண்ணாக்கு இனி என்ன நடக்கப் போகுது?

கராச் அண்ணாவுக்கும் நான்தான் போன் எடுத்தனான். அண்ணாவின்ர காரில எந்த வயரைக் கழட்டினது எண்டு அக்காவுக்குத் தெரியோணும். விசயத்தைச் சொன்னன். "வாறன்" எண்டு மட்டும் சொன்னார். மோட்டச்சைக்கிளில வந்து, எங்களுக்குக் கிட்ட வராம தள்ளியே நிண்டார். மெலிஞ்சு பாதியாப் போயிருந்தார். அக்கா கூப்பிட, "நான் உந்த வயரைத் தொடமாட்டன் அக்கா" எண்டார். "தொட வேண்டாம், விரலால காட்டுங்கோ, அதுவே காணும்" எண்டா அவா. அவர் காட்டின வயரைப் பாத்து, "ஓம், இதைக் கழட்டினாச் சத்தமும் வராது, பிரேக்கும் தானே பிடிக்காது" எண்டா.

முதல் ஆள் பொம்மை. றோட்டு நடுவில அண்ணாவின்ர சேட்டோட நிண்டுது. அக்கா காரைக் கொஞ்சம் தூரத்தில இருந்து எடுத்துக்கொண்டு நேர அதை நோக்கி வந்தா. பிரேக்கில கால் வைக்கிறதில்லை எண்டு முதலே சொன்னவா.  கிட்ட வர பீக் பீக் எண்டுது. கார் தானே முக்கிப் பிடிச்சு, பொம்மைக்கு முன்னால நிண்டிட்டுது. சேட்டு காத்தில ஆடினது, அவ்வளவுதான்.

"அது என்ர பிள்ளையின்ர சேட்டெல்லோ" எண்டு பின்னால குரல் கேட்டுது. அம்மா. ஆர் சொன்னதோ தெரியாது, வரம்பால வந்து நிண்டா.  கராச் அண்ணா மோட்டச்சைக்கிளைத் திருப்பப் போனார்.

அம்மா அவரைப் பாக்கேல்லை. காரைப் பாத்தா, சேட்டைப் பாத்தா. "மனுசருக்கு நிக்குது" எண்டா மெல்ல. பிறகு அக்காவைப் பாத்து, "இப்ப மாட்டை வை பிள்ளை" எண்டா.

இதை ஒளிக்காமச் சொல்லோணும். அந்த நேரம் நான் மனதுக்க என்ன நேந்தனான் தெரியுமோ? கார் மாட்டுக்கும் நிக்கோணும் எண்டு. நிண்டா, குற்றம் கராச் அண்ணாவில. எனக்குக் கோவிக்க ஒராள் இருக்கும்.

கார் நிக்கேல்லை. சத்தமும் போடேல்லை. நேர வந்து மாட்டில அடிச்சுது. வைக்கல் கண்ணாடியெல்லாம் பறந்தது. அம்மா "ஐயோ" எண்டு கண்ணைப் பொத்திக்கொண்டா. மாட்டைக் கட்டித் திருப்பி நிப்பாட்டினம். திருப்பியும் அதே கதைதான். பிறகொருக்கா மாட்டைக் கொஞ்சம் சரிச்சு வைச்சுப் பாத்தா அக்கா. அப்ப பீக் எண்டு ஒரு சத்தம் வந்தது. ஆனா தடி முறியிற நேரந்தான் வந்தது.

அக்கா இறங்கி வந்தா. தலையெல்லாம் வைக்கல். அம்மாவுக்கு முன்னால போய் நிண்டு, "அம்மா, உள்ளதைச் சொல்லுறன். இந்தக் கார் மாட்டுக்கு நிக்கும் எண்டு ஆரும் என்னட்டக் கொண்டு வந்தா நான் கையெழுத்து வைக்க மாட்டன். ஆனா ஒருக்காச் சத்தம் வந்தது. அதையும் மறைக்கேலாது. அண்டைக்கும் ஒரு சத்தம் வந்திருக்குமோ, வந்திருந்தா உதவியிருக்குமோ, அதை நான் சத்தியமாச் சொல்லேலாது" எண்டா.

அந்தச் சொல்லோட கராச் அண்ணா குந்தி இருந்திட்டார். ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கொண்டு, "ஒரு சத்தம்... ஒரு சத்தத்தை நான் இல்லாமப் பண்ணிட்டனே" எண்டார். அவர் அழுத சத்தத்தை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டது.

 அம்மா தனக்குத் தானே சொல்லுற மாதிரி, "சத்தம், மாட்டைக் காணாதவனுக்கெல்லோ" எண்டா. "செத்தவீடு முடிஞ்ச அடுத்தநாள் நான் அந்த இடத்துக்குப் போனனான். ஆருக்கும் சொல்லேல்லை. றோட்டில ரயர் தேய்ஞ்ச தடம் நீளத்துக்குக் கிடந்தது. என்ர பிள்ளை மாட்டைக் கண்டவன். கண்டு, பிரேக் அடிச்சவன். அவன் நித்திரையில்லை, கவலையீனமா ஓடேல்லை. கண்டவனுக்கு என்னத்துக்குச் சத்தம்?"

 அம்மா இதை அண்டையில இருந்தே வைச்சிருந்தவா. தெரிஞ்சுகொண்டும் அந்தப் பெடியனைத் திட்டிக்கொண்டு இருந்தவா. அவாவுக்கும் என்னை மாதிரி ஒராள் தேவைப்பட்டிருக்கு போல.

அம்மா பொம்மையிட்டப் போய் பொத்தான் ஒண்டொண்டாக் கழட்டினா. சேட்டில ஒட்டின வைக்கலைத் தட்டினா. அதைக் கொண்டு போய் குந்தி இருந்த கராச் அண்ணாவின்ர மடியில போட்டா.

"இந்தா. முந்தியெண்டா உனக்கு அளவா இருந்திருக்கும். இப்ப தொங்கப் போகுது. சாப்பிடுறதில்லையோ நீ? எழும்பு, எழும்பி வீட்ட வா."

மன்னிப்பு அது இது எண்டு ஒரு கதையும் இல்லை. அவ்வளவுதான். கராச் அண்ணா சேட்டை முகத்தோட அமத்திக்கொண்டு எழும்பினார். பின்னுக்கு மாமா கார் முகப்பைத் தடவித் தடவி, "ஒரு கீறல்தான், ஒரு கீறல்தான்" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார். எனக்கு அழுகையோட சிரிப்பும் வந்திட்டுது.

அந்த அக்கா கலியாணம் முடிய ஜேர்மனிக்குப் போயிட்டா. போன பிறகு ஒருக்கா போனில வொய்ஸ் மெசேஜ் அனுப்பினவா. தன்ர வேலையிடத்தில மாட்டைப் பற்றிக் கேட்டவாவாம். பெரியாக்கள் சிரிச்சவையாம், ஆனா ஒராள் சிரிக்காமக் குறிச்சு வைச்சவராம். கராச் அண்ணா கராச்சைத் திறந்திட்டார். ஞாயிறு ஞாயிறு எங்கட வீட்டுக்கு வருவார், அம்மாவிட்டப் பேச்சு வாங்கிக்கொண்டே ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார்.

ஆரையும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தா மனநோவு கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சிருந்தனான்; அந்தக் குற்றம் இல்லாமப் போன பிறகும் அண்ணா இல்லாத நோவு அப்பிடியேதான் கிடக்கு, ஆனா அதை எங்களோட சேந்து தூக்க வேண்டிய ஒராளை நாங்களே றோட்டில நிப்பாட்டி வைச்சிருந்தம் எண்டதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.