இரண்டு நிமிடச் சீட்டு

ஆவடிப் பக்கம் எங்கள் கல்லூரியில், ஐரோப்பாவின் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால இலக்கியம் பற்றி ஒரு கருத்தரங்கு. காலை அமர்வுக்கு நான் தலைமை. முதல் கட்டுரை என் தோழியுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைப்பு வந்தது மட்டும் அவளுக்கு. வயிறு எரியாதா?

என்னிடம் “இன்னாடி” என்று பேசுகிற அயனம்பாக்கத்துக்காரி, மேடையில் கன்னியாஸ்திரிகளின் பழைய கடிதங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள். அரங்கமே அசையாமல் கேட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொடுத்த இருபது நிமிடத்தில் பாதிகூட ஆகாதபோது, ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று எழுதிய சீட்டை அவள் முன்னால் நகர்த்தினேன். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேச்சை அழகாக முடித்துவிட்டாள். மிச்ச நேரம் முழுக்க அவளுக்குக் கேள்விகளும் கைதட்டலும்.

என் கட்டுரை சாப்பாட்டுக்குப் பிறகு. பிரியாணி தின்ற கூட்டம் சான்றிதழை வாங்கிய கையோடு அண்ணனூர் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டியிருந்தது. பிற்பகல் அமர்வின் தலைவரையும் காணோம். முன்வரிசையில் அவள் மட்டும், நோட்டும் பேனாவுமாக.

“மெதுவா படிடி,” என்றாள். “டைம் நெறைய கீது.”