டக் மாஸ்டர் வீட்டு ஆங்கிலம்

என் வீட்டுக்காரரை ஆங்கிலத்தில் பெயிலாக்கப் பார்த்தவள் நான்தான் என்பதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அந்தச் சிரிப்பு வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் டக் மாஸ்டர். பெரிய கப்பல் தானாகக் கரையோடு வந்து ஒட்டிக்கொள்ளாது. சின்ன இழுவைப் படகுகள் அதைத் தள்ளியும் இழுத்தும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தப் படகுதான் டக், அதை ஓட்டுகிறவர் மாஸ்டர். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். டியூஷன் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

டக் ஓட்டும் ஒப்பந்தம் வேறொரு கம்பெனிக்குக் கைமாறியபோது வந்தது வினை. பழைய ஆட்களையே வைத்துக்கொள்கிறோம், ஆனால் மாஸ்டர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்போம் என்றார்கள். பேச்சு சரியில்லை என்றால் குஜராத் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில், படகின் மேல்தளத்தில் கயிறு இழுக்கும் டெக் வேலைக்குப் போக வேண்டுமாம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை அவர் அங்கே இரண்டு வருடம் இருந்திருக்கிறார். அந்த இரண்டு வருடத்தை நான் எப்படித் தள்ளினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் நான்தான், மோட்டார் ஓடவில்லை என்றாலும் நான்தான். இன்னொரு முறை என்னால் ஆகாது என்று மனசுக்குள் தீர்மானமாகத் தெரிந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று ஒரு வாலை ஒட்டினால் அது வேறு ஆளாகிவிடும். புத்தக ஆங்கிலம் படித்தவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான், பேச்சு முழுக்க ஓடுவதும் அதில்தான். அதனால் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘புட் அவுட்’ என்றால் அணைப்பது, ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஷிப்ட் முடிந்து வந்து, உப்புக் காற்றில் காய்ந்த முகத்தோடு அவர் அதை மனப்பாடம் செய்வார். மறுநாள் கேட்டால் எல்லா வாலும் இடம் மாறியிருக்கும்.

“ஒரு சொல்லுக்கு இத்தனை வால் எதுக்குளா? நம்ம பேச்சுல இப்படியா இருக்கு?” என்றார் ஒருநாள்.

“ஏன் இல்லை? விட்டுடு, விட்டுக்குடு, விட்டுவை. இது மூணும் ஒண்ணா?”

“அது நான் பொறந்ததுல இருந்து பேசுதேன்.”

பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை உங்களைவிடத் தேவலை என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டை மூடி, அதன்மேல் பேனாவைப் படுக்க வைத்துவிட்டு எழுந்து போனார்.

ரெண்டு நாள் கழித்து எங்கள் பகுதியில் மாதாந்திர ஷட் டவுன். காலையிலேயே கரண்ட் போய், மின்விசிறி நின்று, தெருவே வாயடைத்துக் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வருவாரா என்று கேட்கப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுத்த மாதிரி இருந்தது, ஆனால் யாரும் பேசவில்லை. அவர் சட்டைப் பைக்குள் கிடந்த போன் எதிலோ அழுந்தித் தானாக அழைப்பை எடுத்திருக்கிறது. வைக்கப் போனவள் உள்ளே கேட்ட குரலில் நின்றுவிட்டேன்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவர அதில் ஏறியிருந்த பைலட் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவர் ‘ஸ்டாண்ட் பை’ என்றால், இந்தப் பக்கம் ‘ஸ்டாண்ட் பை, சார்.’ ‘ஈஸ் ஆஃப்’ என்றால், ‘ஈஸ் ஆஃப், சார்.’ எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணியும். மெதுவாகப் பின்வாங்கச் சொல்லி ‘பேக் ஆஃப் ஸ்லோலி.’ ‘பேக் ஆஃப் ஸ்லோலி, சார்.’ திருப்பிச் சொன்னது என் வீட்டுக்காரர். அந்தக் குரலில் தடுமாற்றம் இல்லை, பயம் இல்லை. என் முன்னால் உட்கார்ந்து திக்கித் திணறுகிற ஆளா இது என்று இருந்தது. அடுப்படியில் நின்றபடியே கடைசிவரை கேட்டேன். நோட்டில் நான் வால் என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் அங்கே ஒரு பெரிய கப்பலை நகர்த்திக்கொண்டிருந்தது. பிழைத்தோம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்று சாயங்காலம் நான் கேட்டதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“அது எங்க பழக்கம். பைலட் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் கை தானா செய்யும்.”

“என்கிட்ட மட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

“பைலட் யாரும் கத்த மாட்டாவ.”

எனக்குச் சுருக்கென்றது. கப்பல் மோதப்போகிற நேரத்திலும் கத்தாமல் பேசுகிற மனிதர்களோடு வேலை செய்துவிட்டு வருகிறவரிடம், ஒரு ‘புட் அப் வித்’துக்காக நான் தெருவுக்கே கேட்கக் கத்தியிருக்கிறேன். நோட்டைத் தூக்கி அலமாரியில் போட்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் நான் பைலட். ‘டர்ன் ஆஃப் தி ஸ்டவ்’ என்பேன், நிதானமாக. ‘டர்ன் ஆஃப் தி ஸ்டவ், மேடம்’ என்று சொல்லிவிட்டுப் போய் அணைப்பார். ‘ஃபில் அப் தி பக்கெட்.’ ‘டேக் அவுட் தி கார்பேஜ்.’ கையால் செய்தது மறக்கவில்லை. ஒருதரம் அவசரத்தில் துணியை எடுங்க, கதவைச் சாத்துங்க, மகளை எழுப்புங்க என்று ஆங்கிலத்தில் மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆள் அசையவில்லை. ஒரு நேரத்தில் ஒரு ஆர்டர்தான் தரவேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போகப் போக அவராகவே தகவல் சொல்ல ஆரம்பித்தார். சீனி டப்பாவைத் திறந்து பார்த்து, ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்று அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்த அன்று, சீனி இல்லாத காப்பியை நான் சந்தோஷமாகக் குடித்தேன்.

பேச்சுத் தேர்வு துறைமுகத்துக்கு வெளியே ஒரு மாடி அறையில் நடந்தது. மூன்று மணிக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்தார்.

“கம் இன்-ன்னாவ. நானும் கம் இன், சார்-ன்னேன். சிட் டவுன்-ன்னாவ. சிட் டவுன், சார்-ன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தேன்.”

“கேலி பண்ணுறீங்கன்னு நினைச்சிருப்பாங்களே.”

“ஒருத்தர் முறைச்சாரு. இன்னொருத்தர் கப்பல்ல கேப்டனா இருந்தவராம். அவரு சிரிச்சிட்டு, ரேடியோவுல எத்தனை வருசம்னு கேட்டாரு.”

வேலையைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லி, அந்த இடைவெளியில் யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். காலையில் யார் முதலில் ‘கெட் அப்’ ஆவது, யார் மோட்டாரை ‘டர்ன் ஆன்’ செய்வது, தண்ணீர் வராத நாளில் என்ன ‘ரன் அவுட்’ ஆகும் என்று எங்கள் வீட்டு வண்டவாளம் முழுவதையும் அந்த அறையில் இறக்கி வைத்திருக்கிறார். கடைசியாக, குஜராத் போகச் சொன்னால் என்ன சிரமம் என்று கேட்டிருக்கிறார்கள்.

“என்ன சொன்னீங்க?”

“மை வைஃப் வில் பிரேக் டவுன், சார்-ன்னேன்.”

“உங்க எஞ்சினுக்குச் சொல்லுறதையா எனக்குச் சொன்னீங்க? நானா பிரேக் டவுன் ஆவேன்?”

“ஆவமாட்டியா?”

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவரிடம் ஒருநாளும் முறையிட்டதில்லை. தெரியாது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். தெரிந்துதான் இருந்திருக்கிறது. பாதிப் பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

முடிவு சொல்ல எட்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த எட்டு நாளும் வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசவில்லை. ஒன்பதாம் நாள் மாடியில் பிள்ளைகளுக்கு ‘லுக் ஆஃப்டர்’ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.

“ஏளா, லெட்டர் குடுத்துட்டாவ. எங்கயும் போவாண்டாம். நான் இங்கனதான்.”

கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் வைக்காமல் காத்திருந்தார்.

“கேட்டுதா? திருப்பிச் சொல்லு.”

“நீங்க இங்கனதான்,” என்றேன்.

“சரி,” என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.