சுமைதாங்கிக்கு ஒரு பலகை

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது என்னை மயக்கியவை உயரமான கட்டடங்கள் அல்ல, சாலையோரப் பலகைகள். ஊருக்கு ஊர், இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை. இந்த ஊரின் முதல் மாவு மில் இங்கேதான் இருந்தது. முதலில் குடியேறியவர்கள் இந்த ஓடையில்தான் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு பாதிரியார் இங்கே ஒரு ராத்திரி தங்கினார். ஒவ்வொன்றுக்கும் காரை நிறுத்தச் சொல்லிப் படித்தேன். மாப்பிள்ளை பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தார்.

பின் சீட்டிலிருந்து என் மனைவிதான் சொன்னாள்: “ஒர்த்தர் ஒரு ராத்திரி தூங்கனதுக்கெல்லாம் பலகை நட்டா நம்ம புத்தூர்ல நடக்க எடம் இருக்காதுங்க. எலும்பு ஒடஞ்சி கட்டு கட்டிக்க வர்றவன் பூரா அங்கதான தூங்கறான்!”

அந்தப் பலகைப் பைத்தியம் ஊர் திரும்பியும் எனக்குத் தெளியவில்லை. அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது.

ஆந்திர எல்லையோரம், புத்தூர் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல் நட்டு, தோள் உயரத்தில் குறுக்காக ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது. இறக்காத சுமையோடு போனவள், வழிப்போக்கர்கள் அதன்மேல் தலைச்சுமையை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் இளைப்பாறுவாள் என்பார்கள். அந்தக் கல் என் மாமியாருக்கு வைத்தது. அப்போது என் மனைவிக்கு நடை பழகும் வயது. அம்மாவின் முகம் நினைவில்லை, போட்டோவும் கிடையாது. அவளுக்கு அம்மா என்றால் அந்தக் கல்தான். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதன்மேல் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏம்மே, கவலப்படாத. ஒரு பலகை வெச்சிட்டா ஒருத்தனும் கை வைக்க மாட்டான்” என்றேன்.

“மூட்ட தூக்கறவனே இல்ல, பலகைய யாரு படிக்கப் போறான்?”

நான் விடுவேனா? தொன்மை, மரபு, பண்பாடு மூன்றையும் ஒரே வரியில் அடைத்து, தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, புத்தூர் பெயின்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “எப்ப சார் ஓப்பனிங்கு?” என்று கேட்டார். பலகையை நட்டுவிட்டு நான் அமெரிக்காக்காரன் மாதிரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

சாலை வேலைக்காரர்கள் வந்ததும் முதலில் பிடுங்கியது அந்தப் பலகையைத்தான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது அவர்களின் டீ அடுப்புக்குக் காற்றுத் தடுப்பாக நின்றது. மண் தோண்டும் வண்டி கல்லை நெருங்கிவிட்டது. என் மனைவி நேராகப் போய் அதன் முன்னால் நின்று, அது யாருக்கு வைத்த கல் என்று தெலுங்கில் சொன்னாள். டிரைவர் என்ஜினை அணைத்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

“வத்து சார், வேணாம்” என்றார் மேஸ்திரியிடம். “என் பெண்டாட்டி முழுகாம கீறா. இத நான் மிஷின்ல தொட மாட்டேன்.”

மேஸ்திரிக்கும் முகம் மாறிவிட்டது. கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கி, கடப்பாரையால் நெம்பி, ஆட்களே கல்லைத் தூக்கிப்போய்ப் புதிய சாலையின் ஓரத்தில் நட்டார்கள். எனக்குப் பரம திருப்தி. சாயங்காலம் போனால், மேஸ்திரி அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கால் கற்களை ஆழமாகப் புதைத்து, இடுப்புக்கும் கீழே வைத்துவிட்டார்கள்.

“எழுந்துரு நைனா. குந்தறதுக்கா வெச்சாங்க இத?” என்றாள் என் மனைவி.

“இப்ப எல்லாரும் ஆட்டோல போய்க்கினு கீறாங்கம்மா. இப்டி வெச்சா பஸ்ஸு வர்ற வரைக்கும் குந்திக்கினாவது இருக்கலாம்.”

நியாயம்தானே என்று நானும் வாயை விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது, முட்டிவலிக்காரி, சும்மாடு கட்டி மல்லாட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரமாக வந்தாள். கல்லின் பக்கத்தில் நின்று, “இப்ப நான் ஒண்டியா எப்டி எறக்கறது, சொல்லு” என்றாள். கழுத்து நடுங்கியது. மேஸ்திரி மூட்டையைப் பிடிக்க ஓடினார்.

“கைய எடு. ஆள் இல்லாதப்ப எறக்கறதுக்குத்தான் இந்தக் கல்லு. நாளைக்கு வர்றேன்.”

மூட்டையோடு அப்படியே திரும்பி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

மறுநாள் காலையில் கல் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதே மூட்டையோடு வந்தாள். கல்லை ஒட்டி நின்று தலையை மெல்லச் சாய்த்தாள். மூட்டை நழுவிக் கல்லின்மேல் உட்கார்ந்தது. புரண்டு விழப்போகிறதே என்று நான் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. “எங்கம்மா வாங்கிக்கிச்சி.”